திருகோணமலையில் பே இலை மரம் வளர்க்க நினைப்பவர்களுக்கு

பே இலைக் கன்று ஒன்று வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால், காசைக் கொடுக்க முன் இதைக் கொஞ்சம் வாசியுங்கள். எங்கள் ஊர் வெயிலிலும் மண்ணிலும் இந்த மரத்தோடு படாத பாடு பட்டுவிட்டேன். கிட்டத்தட்ட ஐம்பதாயிரம் ரூபாய் போனது. அதை விடப் பெரிய நட்டம், போன ஐந்து வருடம். மா, தென்னை, எலுமிச்சை என்றால் ஊரில் ஆளுக்கு ஆள் வழி சொல்வார்கள். இதைப் பற்றிக் கேட்டால் "அது குளிர் ஊர் மரம், விடுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். குளிர் ஊர் மரம்தான், மறுக்கவில்லை. ஆனால் இங்கேயும் அதை உயிரோடு வைத்திருக்கலாம், அதிலிருந்து கன்றும் எடுக்கலாம். அதைச் சொல்லித் தர அப்போது ஒருவரும் இருக்கவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் உப்புவெளிப் பக்கம் இருக்கிறேன். வீட்டில் சமைத்து ஓடருக்குச் சாப்பாடு கொடுப்பதுதான் தொழில். புரியாணி, இறைச்சிக் குழம்பு, சில பேருக்கு வெளிநாட்டுச் சாப்பாட்டு வகைகள் என்று பே இலை எனக்கு அடிக்கடி வேண்டும். மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு 2020 இல் விலை எங்கேயோ போனபோது, எங்கள் ஒழுங்கை முழுக்க வளவுகளில் மஞ்சள் நட்டார்கள். எனக்கு வேறு யோசனை வந்தது. இறக்குமதியை நம்பியிருக்கிற இன்னொரு பொருள் பே இலை. பத்துக் கன்று வைத்தால் என் சமையலுக்கும் காணும், பிறகு கன்று கட்டி விற்கவும் முடியும் என்று கணக்குப் போட்டேன். சீட்டு எடுத்த காசு கையில் இருந்தது.

இணையத்தில் விளம்பரம் பார்த்து, பத்துக் கன்றுக்கு கூரியர் செலவோடு ஏழாயிரம் ரூபாய் அளவில் கொடுத்தேன். பசுமையான, பளபளப்பான கன்றுகள் வந்தன. கசக்கினால் நல்ல வாசம். நட்டதும் விறுவிறுவென்று வளர்ந்தன. அந்த வருடம் டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் எங்கள் கரையில் ஏறியபோது கொட்டின மழையையும் தாங்கி நின்றன. இந்த மரத்துக்கு எங்கள் மண் பிடித்துவிட்டது என்று அவ்வளவு சந்தோஷம். ஒன்றரை வருடம் தண்ணீர் ஊற்றி, எருப் போட்டு, முதல் இலைகளைப் பறித்துக் காயவைத்துக் குழம்பில் போட்டால், கராம்பு வாசம் தூக்கலாக வருகிறது. டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற கிண்ணியா நானா ஒருவரிடம் கொப்போடு கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சாக்கில் இருந்து காய்ந்த இலை ஒன்றை எடுத்து என் கொப்புக்குப் பக்கத்தில் வைத்தார். "தங்கச்சி, உங்கட கொப்பில இலை ரெண்டு ரெண்டா எதிர் எதிரா நிக்குது பாருங்க. இது வேற மரம். வாசமும் கராம்பு வாசம்" என்றார். அது ஓல்ஸ்பைஸ் மரம். வெப்ப நாட்டு மரம் என்பதால்தான் எங்கள் மண்ணில் அவ்வளவு செழிப்பாக வந்தது. கடைப் படியில் நின்றபடி எனக்குக் கண் கலங்கிவிட்டது. விற்றவருக்கு எடுத்துச் சொன்னபோது, தங்கள் பக்கத்தில் இதைத்தான் அந்தப் பெயரில் விற்பதாகச் சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

ஆகவே காசு கொடுக்க முன் இலையைப் பாருங்கள். படம் அனுப்பச் சொன்னால், கன்று முழுதாகத் தெரிகிற அழகான படம் வேண்டாம். கொப்பில் இலைகள் எப்படி நிற்கின்றன என்று தெரிகிற படமும், ஒரு இலையின் பின்பக்கமும் கேளுங்கள். உண்மையான பே இலை, மத்தியதரைக் கடல் நாடுகளின் லோரஸ் நோபிலிஸ், கொப்பில் ஒன்று மாறி ஒன்றாக நிற்கும். நடுவில் ஒரே ஒரு தடித்த நரம்பு, அதிலிருந்து பக்க நரம்புகள் பிரியும். ஓரம் லேசாக நெளிந்திருக்கும். கசக்கினால் யூக்கலிப்டஸ் எண்ணெயை நினைவூட்டுகிற வாசம் வரும், இரண்டிலும் சினியோல் என்ற அதே பொருள் இருப்பதால். காம்புப் பக்கத்தில் இருந்து நுனிவரை மூன்று நரம்புகள் நீளமாக ஓடினால் அது இந்தியாவின் தேஜ்பத்தா, எங்கள் கறுவாவின் சொந்தக்காரன். அதுவும் நல்ல சமையல் இலைதான், கறுவா வாசம் வரும், ஆனால் அது வேறு சரக்கு. இலைகள் சோடி சோடியாக எதிரெதிரே நின்று கராம்பு வாசம் வந்தால் ஓல்ஸ்பைஸ் அல்லது அதன் இனத்து மேற்கிந்தியத் தீவு மரம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அலரி இலையும் தடிப்பாக, நீளமாக, காய்ந்தபின் பார்க்க ஏறக்குறைய இதே போல இருக்கும். எங்கள் ஊரில் வேலி ஓரம் எல்லாம் அலரி நிற்கிறது. அது நஞ்சு, இதயத்தை நிறுத்தக்கூடியது. அலரி பெரும்பாலும் ஒரு கணுவில் மூன்று இலையாக நிற்கும், கசக்கினால் நறுமணம் ஒன்றும் வராது. வாசமே இல்லாத இலையை யார் எந்தப் பெயர் சொல்லித் தந்தாலும் சட்டிக்குள் போடாதீர்கள். இரண்டு மரமும் இருக்கிற வளவென்றால் பறிக்கிற வேலையைச் சின்னப் பிள்ளைகளிடம் விடவும் வேண்டாம்.

உண்மையான கன்று தேடினபோது பிரான்ஸில் இருக்கிற அக்கா, "அங்க வேலி முழுக்க இதுதான் நிக்குது, வரேக்க பத்துக் கொப்பு வெட்டிக்கொண்டு வாறன்" என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அனுமதி இல்லாமல் கன்றோ விதையோ கொப்போ நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. கட்டுநாயக்காவில் தாவரத் தடுப்புக்காப்புச் சேவை இருக்கிறது, பெட்டியில் இருந்து எடுத்தால் எடுத்ததுதான். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஐரோப்பாவில் இந்த மரத்தின் இலை ஓரத்தைச் சுருட்டி வீங்க வைக்கிற ஒரு பூச்சி உண்டு. அது இங்கே வந்து சேர நாங்கள் காரணமாகக் கூடாது. ஆகவே உள்ளூரிலேயே தேடினேன். 2022 இல் பெற்றோலுக்கு வரிசை நின்ற காலம் என்பதால் அந்த வருடக் கடைசியில்தான் மலையகத்துக்குப் போக முடிந்தது. ஒரு நாற்றுமேடையில் கன்று 2,800 ரூபாய்ப்படி ஐந்து வாங்கினேன். அதற்கு மேல் போக்குவரத்து, தங்குமிடம் என்று பத்தாயிரத்துக்குக் குறையவில்லை. வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை, ஆனால் அவருக்குக் கோபம் என்று எனக்குத் தெரியும்.

நாலு கன்றை நிலத்தில் வைத்தேன். ஒன்றுக்கு இடம் ஒதுங்காததால் அது சாடியிலேயே விறாந்தையில் நின்றது. பார்க்கப்போனால் எங்கள் காலநிலையும் இந்த மரத்தின் சொந்த ஊர்க் காலநிலையும் ஒரு விதத்தில் ஒத்துப்போகும். துருக்கியிலும் இத்தாலியிலும் மழை வருடக் கடைசியில் தொடங்கும், நடுவருடம் காயும். எங்களுக்கும் ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரை வாடை மழை, பிறகு நீண்ட வறட்சி. வித்தியாசம் குளிரில் இருக்கிறது. அங்கே மழை பெய்கிறபோது நிலம் குளிர்ந்திருக்கும். இங்கே டிசம்பர் இரவிலும் 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. சூடான மண், அதற்குள் நாட்கணக்கில் தேங்கி நிற்கிற தண்ணீர். வேர் அழுகல் பூஞ்சணத்துக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

முதலில் கச்சான் காற்று வந்தது. மே மாதத்தில் இருந்து மேற்கே இருந்து அடிக்கிற அந்தச் சூட்டுக் காற்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பழக்கம், கன்றுக்குப் பழக்கம் இல்லை. காலையிலும் மாலையிலும் தண்ணீர் விட்டும் இளந்தளிர் எல்லாம் கருகியது. கிணற்றுத் தண்ணீர் ஓகஸ்ட் ஆனால் உவர்ப்பு ஏறும். இலை நுனியில் இருந்து ஓரமாகப் பழுப்பு இறங்கியது. அதையும் தாண்டி நின்ற கன்றுகள் மாரி மழையில் ஒவ்வொன்றாக முடிந்தன. இலை வாடித் தொங்குகிறது, மண்ணோ ஈரமாக இருக்கிறது. தண்ணீர் போதவில்லை என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். ஒழுங்கைக் கடைசியில் இருக்கிற, ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஐயா ஒருவர் வந்து, ஒரு கன்றைக் கிளப்பிக் காட்டினார். வேர் கறுத்து, தோல் கழன்று, நாற்றம் வந்தது. "பிள்ளை, ஆனைக்கொய்யா, கறுவா, இது எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்துக்கு வேரில தண்ணி நிக்கக் கூடாது" என்றார். அந்த ஒரு வசனம் 2022 இல் கிடைத்திருந்தால் பதினோராயிரம் ரூபாய்க் கன்றுகள் செத்திருக்காது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

விறாந்தைச் சாடியில் நின்ற ஒன்று மட்டும் தப்பியது. மழை நேரே விழாத இடம், காலை வெயில் மட்டும் படுகிற இடம். அதைப் பார்த்துத்தான் எனக்கு வழி பிடிபட்டது. எங்கள் ஊரில் இதைச் சாடி மரமாக வளருங்கள். அடியில் தாராளமான துளைகள் உள்ள மண்சாடி நல்லது, பிளாஸ்டிக் வெயிலில் கொதித்து வேரை அவிக்கும். செம்மண் ஒரு பங்கு, பெரும்பரல் ஆற்று மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கின கூட்டெரு ஒரு பங்கு, அதோடு செங்கல் நொருங்கலும் கரித் துண்டும் கலக்கிறேன். கடல் மணல் கிட்டவும் வேண்டாம். சாடியை நிலத்தில் படிய வைக்காமல் இரண்டு கல்லின் மேல் தூக்கி வையுங்கள். பெரிய சாடியில் சின்னக் கன்றை வைத்தால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து புளிக்கும், அதனால் ஒவ்வொரு அளவாகத்தான் மாற்ற வேண்டும். காலை பத்து மணிவரை வெயில் போதும். பிறகு நிழல், அல்லது பாதி வெயிலை மறைக்கிற நிழல் வலை. கச்சான் மாதங்களில் கிழக்குப் பக்கச் சுவரோடு ஒதுக்கி வையுங்கள், மேற்குக் காற்றுக்கு வீடே மறைப்பாக நிற்கும். விரலை மண்ணுக்குள் விட்டு, ஒரு அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். கிணறு உவர்க்கிற காலத்தில் குழாய்த் தண்ணீர் விடுங்கள். முடியாவிட்டால் வாரம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரை அடியால் ஓடி வெளியேறும்வரை ஊற்றி, சேர்ந்த உப்பைக் கழுவிவிட வேண்டும்.

பூச்சி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலை பிசுபிசுத்து, அதன் மேல் கரி பூசினது போலக் கறுப்புப் படிந்தால் நோய் என்று பயப்பட வேண்டாம். இலையின் அடியில் நடு நரம்போரம் செதில் பூச்சி ஒட்டியிருக்கும், அல்லது வெண்மூட்டுப்பூச்சி. அவை விடுகிற தேன்நீரில்தான் அந்தக் கறுப்புப் பூஞ்சணம் வளர்கிறது. எறும்பு வரிசையாக ஏறினாலே இலையைத் திருப்பிப் பாருங்கள், எறும்பு அந்தத் தேன்நீருக்காகப் பூச்சியைக் காவல் காக்கும். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, பின்னேரத்தில் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஐந்து மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், கொஞ்சம் சவர்க்காரம் கலந்து அடிக்கிறேன். வெயில் நேரத்தில் அடித்தால் இலை வெந்துவிடும்.

இனிக் கன்று எடுக்கிற கதை. என்னை ஆக மனமுடைய வைத்தது கொப்புத் தடிதான். முறை தவறாமல்தான் செய்தேன். அந்த வருடத் தளிர் கொஞ்சம் முற்றி, அடி மரமாகவும் நுனி வளைவதாகவும் இருக்கிற பருவத்தில், ஒரு சாண் அளவுக்குக் குறைவாக வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, மேல் இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, வேர்விடத் தூண்டுகிற ஓமோன் தூளில் தோய்த்து, ஆற்று மணலும் தும்புச் சோறும் கலந்ததில் குத்தி, பொலித்தீன் பையால் மூடி நிழலில் வைத்தேன். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தடி பச்சையாகவே நிற்கும். நாளும் போய்ப் பார்த்து, பிடித்துவிட்டது என்று நம்பியிருப்பேன். ஒரு நாள் அடியில் கறுப்புத் தொடங்கி, அந்தக் கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிடும். இழுத்துப் பார்த்தால் ஒரு வேர் கூட இருக்காது. இந்த மரத்தின் தடி குளிர் நாட்டிலேயே வேர்விட மாதங்கள் எடுக்கும், அங்கேயும் பாதிக்கு மேல் தவறுவது சாதாரணம். எங்கள் சூட்டில் வேர் வருகிறதற்கு முன் அழுகல் வந்துவிடுகிறது. பச்சையாக நிற்கிறது என்பதை வைத்து ஒன்றையும் நம்பாதீர்கள். தாய் மரம் ஒன்றே ஒன்று இருக்கிறவர்கள் இந்த வழியில் அதன் கொப்புகளைச் செலவழிக்கவே வேண்டாம்.

விதையையும் கேட்பீர்கள். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. வீட்டில் ஒன்று மட்டும் நின்றால் முளைக்கிற விதை கிடைக்காது. காய்ந்த விதை முளைப்புத் திறனை விரைவாக இழந்துவிடும், ஆகவே பொதியில் வருகிற பழைய விதைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

எனக்குக் கைகொடுத்தது பதி வைத்தல், அதாவது கொப்பு மரத்தில் நிற்கிறபோதே அதை வேர்விட வைப்பது. போதனாசிரியர் ஐயா எலுமிச்சைக்கும் மாதுளைக்கும் செய்கிற அதே வளிப்பதிதான். பென்சில் தடிப்பில், முற்றின, நேரான கொப்பு ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். கணுவுக்குக் கீழே ஒரு அங்குல நீளத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து எடுங்கள். உரித்த இடத்தில் வழுவழுப்பான மெல்லிய படை ஒன்று இருக்கும், அதைக் கத்தியின் முதுகால் நன்றாகச் சுரண்டி வெள்ளை மரம் தெரிய வைக்க வேண்டும். இதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு நூல் அளவு பச்சை மிஞ்சினாலும் பட்டை திரும்ப ஒட்டிக்கொள்ளும், வேர் வராது. மேல் வெட்டு விளிம்பில் ஓமோன் தூளைத் தடவி, ஊறவைத்துக் கையால் பிழிந்த தும்புச் சோற்றை ஒரு பிடி வைத்து, தெளிந்த பொலித்தீனால் சுற்றி இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டுங்கள். அதற்கு மேல் கறுப்புப் பொலித்தீன் ஒரு சுற்று, வெளிச்சம் படாமல் இருக்க. தும்புச் சோறு சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கக் கூடாது. எறும்பு ஓட்டை போடும், அடிக்கடி தடவிப் பாருங்கள், காய்ந்திருந்தால் ஊசியால் கொஞ்சம் தண்ணீர் ஏற்றுங்கள்.

காலம் முக்கியம். கச்சானில் கட்டினது எல்லாம் உள்ளே வெந்து காய்ந்தது. 2024 ஒக்டோபர் முதல் மழைக்குக் கட்டினவை பெப்ரவரி கடைசியில் பொலித்தீனுக்குள் வெள்ளை வேர் காட்டின. அதைக் கண்ட அன்று வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். வெள்ளை வேரைப் பார்த்தவுடன் வெட்ட வேண்டாம் என்று ஐயா தடுத்தார். வேர் பெருகிப் பழுப்பேறின பிறகு, கட்டுக்குக் கீழே வெட்டி, தும்புச் சோற்றை உதிர்க்காமல் சின்னச் சாடியில் வைத்து, இலையில் பாதியைக் கழித்து, பையால் மூடி நல்ல நிழலில் சில வாரம் விட வேண்டும். பையை ஒரேயடியாக எடுக்காமல் ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் திறந்து பழக்குங்கள். மரத்தின் அடியில் இருந்து பக்கக் கன்று முளைத்தால் அது இன்னும் சுலபம். வளைத்து, அடிப்பக்கத்தைக் கீறி, பக்கத்தில் இன்னொரு சாடி வைத்து அதன் மண்ணுக்குள் கம்பியால் அமர்த்திவிட்டால், ஆறு மாதம் ஒரு வருடத்தில் தானே வேர் பிடிக்கும். தாய் மரத்தின் பலத்தில் நிற்பதால் அழுகிற பயம் குறைவு.

இலைக்கு அவசரப்படாதீர்கள். இந்த மரம் மெதுவாகத்தான் வளரும், இங்கே இன்னும் மெதுவாக. கன்றுக்கு இரண்டு வயது ஆகும்வரை பறிப்பதே இல்லை. பிறகும் முற்றின இலைகளை மட்டும், கொப்புக்கு ஒன்று இரண்டு என்று எடுத்து, நிழலில் காற்றோட்டமாகக் காயவைக்கிறேன். வெயிலில் போட்டால் நிறமும் வாசமும் போய்விடும். பச்சை இலையில் லேசான கசப்பு இருக்கும், காய்ந்த பிறகு அது குறையும். என் சமையலுக்கு வேண்டியதில் பாதிக்குக் கிட்ட இப்போது வீட்டிலிருந்து வருகிறது, மீதியை நானாவின் கடையில்தான் வாங்குகிறேன்.

கன்று விற்பீர்களா என்று கேட்டுப் பலர் வருகிறார்கள். இப்போதைக்கு இல்லை என்றுதான் சொல்கிறேன். வேர்விட்டு ஒரு கச்சானும் ஒரு வாடையும் தாண்டின கன்றை மட்டும்தான் அடுத்தவர் கையில் கொடுப்பேன். விலையும் மலையகத்தில் நான் கொடுத்ததை விடக் கூட வராது. வாங்க வருகிறவர்கள் மண்சாடியும் ஆற்று மணலும் முதலே ஆயத்தமாக வைத்துவிட்டு வந்தால் நல்லது.